தவிட்டுக் கோணியில் யூரியா

மூட்டையை மாற்றிக் கட்டியதுதான் நான் செய்த தப்பு. பயத்தில் செய்தேன்.

எங்கள் வீடு ஆந்திராவில், விஜயபுரம் மண்டலத்தில். என் நிலமோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டில். அரை ஏக்கர். கல்யாணத்துக்கு நைனா சீராக எழுதிக் கொடுத்தது. மாநில எல்லை பார்த்தா இங்கே பெண் கொடுக்கிறார்கள்? இருபது வருஷமாகப் போய் வருகிறேன், ஒருவரும் நிறுத்திக் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் வாய்க்கால் பாலத்தில் தடுப்பு வைத்து ஆள் போட்டார்கள். எல்லாம் யூரியாவால் வந்தது.

கடையில் மூட்டை இருநூற்று அறுபத்தாறு ரூபாய். அடக்க விலை அதைப்போல ஆறேழு மடங்காம். மிச்சத்தை அரசாங்கம் போடுகிறது. எங்கள் மேல் இருக்கிற ஆசையாலா? உரம் ஏறினால் நெல் ஏறும், நெல் ஏறினால் திருப்பதியில் அரிசி வாங்கித் தின்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதற்காக இறக்கி வைத்த விலை. இறக்கி வைத்த இடத்தில் ஈ மொய்க்காதா? பிளைவுட் பசை காய்ச்சுகிற கம்பெனிக்காரர்கள் இரட்டை விலை கொடுத்துத் திருட்டுத்தனமாக வாங்குகிறார்கள். போன வாரம் அப்படி ஒரு லாரி பிடிபட்டு, இரண்டு பேரை உள்ளே தள்ளினார்கள். அதிலிருந்து இந்தப் பக்கத்து உரம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒரே கெடுபிடி. அந்தப் பக்கத்துக் கடையிலோ, ஆதாரில் ஆந்திரா விலாசம் இருக்கிறது என்று என்னை விரட்டிவிட்டார்கள். கடைசியில் எங்கள் ஊர் உரக்கடை அப்பாவுதான் மிஷினில் என் கட்டைவிரலை வைக்கச் சொல்லி இரண்டு மூட்டை கொடுத்தார்.

"இந்த போகத்துக்கு இவ்ளோதான் தாட்சாயணி. திரும்ப வந்தா மிஷினு ஒத்துக்காது. பாத்து எட்துக்கினு போ."

பார்த்து என்று அவர் சொன்னதுமே எனக்குப் பாலத்துத் தடுப்புதான் ஞாபகம் வந்தது. மஞ்சள் மூட்டை தூரத்திலேயே கண்ணில் படும். வீட்டுக்காரர் நாராயணசாமி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போயிருந்தார். கேட்டால் வேண்டாம் என்பார் என்று போன் பண்ணவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தொண்ணூறு கிலோவையும் மாட்டுத் தவிட்டுக் கோணிகளில் கொட்டினேன். மேலே இரண்டு படி தவிடு போட்டேன். ரசீதைப் பருப்பு டப்பாவில் ஒளித்தேன். பயிர் தூர் கட்டுகிற நேரத்தில் மஞ்சள் பாய்ந்து நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

பாலத்தில் காவலுக்குப் போட்டிருந்த சார் என் மொபெட்டைக் கையைக் காட்டி நிறுத்தினார். கோணிக்குள் முழங்கை வரை கையை விட்டார். கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாக மணி.

"இதி ஏமி?" என்று தெலுங்கில் கேட்டார். பிறகு தமிழிலேயே, "தவுடாம்மா இது?"

 சாயப் பார்த்த வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினேன்.

"எங்க நெலத்துக்கு சார். எங்க நைனா குட்த்த நெலம். தோ, அந்தப் புளியமரத்தாண்ட."

"நெலத்துக்குன்னா மூட்டையோட வரவேண்டியதுதானே? ரசீதைப் பாத்துட்டு நானே உட்ருப்பேன். இனிமே ரசீது காட்டினாலும் யாரு நம்புவாங்க? போன வாரம் புடிச்சவங்களும் இப்டித்தான் தவுட்டுக் கோணில வெச்சினு இருந்தாங்க."

போனை எடுத்தார். ஜீப்புக்குத்தான். ஊரே பார்க்க நான் ஜீப்பில் ஏறுவது கண் முன்னால் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். நிலத்தைக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று அழுதேன். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார்.

வரப்பில் நின்று பயிரைப் பார்த்தார்.

"நெலம் இருக்குது. இந்த உரம் இதுக்குத்தான்னு எனக்கு எப்டித் தெரியும்? நான் போனதும் நீ வித்துட்டா என் வேலை போயிடும்மா. எறைச்சுடு. ரெண்டு கோணியும், இப்பவே."

அவரும் பயந்து போயிருந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது நாலு தபாவுக்கு உண்டான உரம் சார். ஒரேயடியா எறைச்சா பயிர் கருகிடும்."

"அப்போ ஜீப்பக் கூப்புடட்டுமா?"

தண்ணீர் நின்ற வயலில் இறங்கினேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தவிடும் உரமுமாக அள்ளி அள்ளி வீசினேன். முதல் அரைக் கோணி வரை கை தானாகவே அளவு பார்த்து வீசியது. அதற்கப்புறம் வீசிய ஒவ்வொரு பிடியும் என் பயிருக்கு நானே வைக்கிற விஷம் என்று தெரிந்தே வீசினேன். விரலிடுக்கெல்லாம் எரிந்தது. அவர் நகரவே இல்லை. கடைசியில் இரண்டு கோணியையும் உதறிக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார்.

"நெஜமாவே உன் நெலத்துக்குத்தான் கொண்டாந்திருக்கே. சரிம்மா, வரேன்," என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்குத் திரும்பிப் போனார்.

உடனே மடையைத் திறந்து தண்ணீரை வடித்தால் பாதி உரமாவது போகும், பயிர் பிழைத்தாலும் பிழைக்கும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் பாலம் நேராகத் தெரிந்தது. பாலத்திலிருந்து பார்த்தால் நானும் அப்படித்தான் தெரிவேன். சர்க்கார் உரத்தை வாய்க்காலில் விட்டாள் என்று அதற்கும் ஒரு கேஸ் போட்டால்?

ஓங்கிய மண்வெட்டியை இறக்கிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் திரும்பவே இல்லை. என் காலடியில், தண்ணீருக்குள், உரம் கரைந்துகொண்டிருந்தது.