சின்னம் இல்லாத வாசல்

சாணம் தெளித்த ஈரம் காயாத வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு குந்தியிருந்தேன். முதல் வரிசைப் புள்ளிகளை வைத்தாயிற்று. அடுத்த வரிசைக்குக் கை போகவில்லை. பின்னால் நைனா வந்து நின்றது பீடி வாசனையில் தெரிந்தது. மறுநாள் ஓட்டு. ஓட்டுக்கு முந்தின நாள் விடியலில் வாசலில் கட்சிச் சின்னத்தைக் கோலமாகப் போடுவது எங்கள் தெரு வழக்கம். கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து, எந்த வாசலில் எந்தச் சின்னம் என்று பார்த்து, அந்த வீட்டு ஓட்டு யாருக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு போவார்கள். இறங்கக்கூட மாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளாகத் தெரு முழுக்க ஒரே சின்னம்தான். அந்தக் கட்சிக்கு நைனாதான் கிளைச் செயலாளர். அப்பா பெயரைச் சொல்லி, முனிரத்தினத்தின் தெரு என்றால் ஒன்றிய ஆபீஸில் நாற்காலி போடுவார்கள். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதை அந்த ஒரு நாற்காலிதான்.

"இன்னா கங்கா, புள்ளி வெச்சினு கீற? சின்னத்துக்கு எதுக்குப் புள்ளி? நேரா கோடு இழு. ஜீப்பு வந்துடும்."

சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் மாலை டைப்ரைட்டிங் வகுப்பில், விரல் தன்பாட்டுக்கு எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்க, மனது இந்த வாக்கியத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்தவுடன் அது எங்கோ போய்விட்டது.

மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்த பிறகு தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். எங்கள் வகுப்பு சில நாள் பூட்டிக் கிடந்தது. பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாம் கொஞ்சம் அடங்கியதும் கட்சிக்காரர்களுக்குப் புதுக் கவலை வந்தது. அனுதாபம் எந்த வீட்டை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இந்த முறை வாசல்களை ஒன்றுவிடாமல் பார்க்க ஒன்றியச் செயலாளரே வருகிறார் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வீடு கோலமாவும் கலர்ப் பொடியும் கட்சிச் செலவில் வந்து இறங்கின. நைனாதான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆனால் தெரு அதற்கு முன்பே மாறியிருந்தது. நிலத்தை விற்றவர்கள் வீட்டுப் பெண்களும், நிலமே இல்லாதவர்கள் வீட்டுப் பெண்களும் இப்போது ஒரே வேனில் ஷூ கம்பெனிக்குப் போகிறோம். பகலில் நானும் அங்கேதான் தைக்கிறேன். போகிற வழி நீளம், பேச்சுக்குத் தடையில்லை. மாவு வந்த அன்று எங்கள் தையல் லைனிலேயே மூத்தவளான மீனம்மாள் அக்கா சொன்னாள்:

"பம்பு கெட்டு ஏரிக்கரைக்குக் கொடம் தூக்கினு போறோமே, எவனாச்சும் வந்தானா? எதிர்க்கட்சி ஜெயிச்சா, அது அந்தக் கட்சித் தெருடான்னு வர மாட்டேன்றான். நம்மாளு ஜெயிச்சா, அது நம்ம தெருதான, எங்க போயிடும்ன்றான். வாசல பாத்தா போதும், நம்ம மூஞ்சிய பாக்கவே வேணாம் அவனுங்களுக்கு."

"அப்போ ஓட்டுப் போட வேணாம்றியா?" என்றாள் முன் சீட்டுத் தாயாரம்மாள்.

"ஏன், தாராளமா போடு. உன் இஷ்டத்துக்குப் போடு. அத வாசல்ல எழுதி ஒட்டாத. ஜீப்புல வந்தான்னா எந்த வூடு எவனுதுன்னு தெரியக் கூடாது. எறங்கி வந்து கேக்கட்டும்."

"மாவு அவங்க குடுத்ததாச்சே?"

"மாவு அவங்களுது. வாசல் நம்மளுது."

வேனே சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பு ஓய்ந்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு வாசலில் சின்னம் இருந்தாலும் மற்ற வீடெல்லாம் எதிர்க்கட்சி என்று ஆகிவிடும். அந்த ஒரு வாசல் எங்களுடையதாகத்தான் இருக்கும். "நானும் சின்னம் போடல" என்றேன். அது சரி என்று பட்டதால் சொன்னேனா, இல்லை அத்தனை கண்களும் என்மேல் இருந்ததால் சொன்னேனா என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டும் இருக்கலாம். சொன்னது சொன்னதுதான். அதோடு இது என் முதல் ஓட்டு. அதை நான் போடுவதற்கு முன்பே யாரோ ஜீப்பில் உட்கார்ந்தபடி எண்ணிக்கொண்டு போவதை நினைத்தால் எரிச்சலாக இருந்தது.

"நைனா, இந்தத் தடவ சின்னம் இல்ல" என்றேன். சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைப் புள்ளியை வைத்துவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எனுக்குப் பதவி பூடும்மா" என்றார், யாரிடமோ கடன் கேட்பதுபோல. அதற்கு நான் தயாராக இல்லை. கிண்ணத்தை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அம்மா விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "அவள வுடு. கொடத்த நீயா தூக்கற?" என்றாள். "ஒரு நாள் தூக்கினு வந்து பாரு, அப்பால சின்னம் போடச் சொல்லு."

நைனா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் கோடுகளை இழுக்க ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சின்னமில்லாத கோலத்தைக் குனிந்து பார்த்து, அடுத்த வாசலுக்குப் போனார். மீனம்மாள் அக்கா வாசலில் மட்டும் அதிக நேரம் நின்றார். "இன்னா அண்ணே, கோலம் நல்லாயில்லையா?" என்று அவள் கேட்டது இங்கேவரை கேட்டது. அவர் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

வெயில் ஏறியதும் ஜீப் வந்தது. தெரு முனையில் வேகமாகத் திரும்பி, முதல் சில வீடுகளைத் தாண்டி, மெதுவாகி, எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்திருந்த நைனாவுக்கு எதிரே நின்றது. முன் சீட்டிலிருந்து ஒன்றியச் செயலாளர் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இன்னாய்யா முனிரத்தினம், தெருவே அந்தப் பக்கம் பூட்சா?"

"தெரியல தலைவரே."

"தெரியலயா? நீ இன்னாத்துக்குக் கீற? சரி, உன் வூடு?"

நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "என் ஓட்டு உங்களுக்குத்தான் தலைவரே. பொண்ணு ஓட்டு, வூட்டுக்காரி ஓட்டு எனுக்குத் தெரியாது. அவங்களத்தான் கேக்கணும்."

"கேட்டுச் சொல்லேன்யா."

"நீங்க கேளுங்க. நான் கேட்டா சொல்ல மாட்டாங்க."

தெருவின் அடுத்த முனையில் ஹாரன் கேட்டது. மற்றக் கட்சியின் கொடி கட்டிய வேன் ஒன்று திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. செயலாளர் அதைப் பார்த்தார். பிறகு வாசல்களில் நின்ற பெண்களைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியில் ஒரு காலை ஊன்றினார்.

தெரு குறுகல். கட்சி மாவு தாராளமாக இருந்ததால் எல்லாரும் பெரிதாகவே போட்டிருந்தோம். ஒரு வாசல் கோலத்தின் விளிம்பு அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பாத்து எறங்குங்க" என்றாள் மீனம்மாள் அக்கா.

அவருடைய வெள்ளைச் செருப்பு, மிதிக்க இடம் தேடி, கோலத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.