பீரோவுக்குள் ஒரு டாக்டர்

"பீரோவுக்குள்ள ஆள் நிக்க முடியுமா சார்? நின்னு பாத்தீங்களா?" என்று பதிப்பாளர் காலையில் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் நாவலில் கொலை நடந்த அறைக்கு ஒரே கதவு. கொலை செய்த டாக்டர் பீரோவுக்குள் ஒளிந்துகொள்கிறார். செத்தவரின் மனைவி உள்ளே வந்து பார்க்கிறாள், ஆளைக் காணவில்லை. இது நம்பும்படி இல்லாவிட்டால் புத்தகமே கிடையாது, சாயங்காலம்வரை கெடு என்றுவிட்டார்.

சரி, நின்றே பார்த்துவிடுவோம். துணிகளைக் கட்டிலில் கொட்டி, தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தேன். மூச்சை இழுத்தால் கதவு மூடியது. விட்டால் திறந்துகொண்டது. டாக்டரை ஒல்லி என்று எழுதியிருக்கலாம். 'தொந்தியைத் தடவியபடி' என்று முதல் வரியிலேயே எழுதித் தொலைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவியும் மைத்துனனும் உள்ளே வந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா எழுதினதைப் படிச்சேன்க்கா. டாக்டர்தானே கொலைகாரன்? மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு ரெண்டாவதுலயே. ஆனாலும் கடைசிப் பக்கத்துல 'ஐயோ, இவனா!'ன்னு கத்தணும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கத்திக் கத்தித் தொண்டையே போச்சுடா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவன் என்று என்னை நினைத்திருந்தேன். இவள் பூசணித் தோட்டத்தையே மறைத்திருக்கிறாள்.

மேசைமேல் என் போன் அடித்தது. மைத்துனன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். பதிப்பாளர்.

"சார் இருக்காரா?"

"மாமாவா? மறைஞ்சுட்டார் சார்."

அந்தப் பக்கம் பதிப்பாளர் பதறினார், "அடப்பாவமே! தங்கமான மனுஷன்... கடைசி அத்தியாயத்தை முடிச்சுட்டுத்தானே?"

"இல்லய்யா!" என்று கத்தினேன். மூச்சு போனது, கதவு திறந்தது.

யாரும் திடுக்கிடவில்லை. "உள்ள வரும்போதே உங்க சட்டை நுனி தெரிஞ்சுதுங்க," என்றாள் மனைவி.

"தெரிஞ்சேதான் பேசினியா?"

"நேர்ல சொன்னா மயங்கி விழுவீங்க. பீரோவுக்குள்ள விழ இடமில்ல பாருங்க."

கோபத்தில் வெளியே பாயப் பார்த்தேன், முடியவில்லை. அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எல்லாம் சரி. அந்த டாக்டர் எங்கதான் ஒளியறது?" அழாத குறையாகக் கேட்டேன்.

"பீரோவுலயே இருக்கட்டும். கோட்டு நுனி வெளிய தெரியட்டும். அந்தப் பொம்பளை பாத்துட்டுப் பாக்காத மாதிரி போயிட்டா, அவ்வளவுதான். புருஷன் என்ன பாடு படுத்தினானோ!"

என் இத்தனை வருஷத் தொழிலில் எனக்குத் தோன்றாத வழி. பற்றிக்கொண்டு வந்தது.

போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. "அம்மா," என்றார் பதிப்பாளர், குரலே மாறிப்போய், "அடுத்த கதைக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

நான் எழுத உட்கார்ந்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.