சாப்பாட்டு வேளையில் மூடாத கதவு

காலையில் சமர்த்தாக மூடும் பெட்டிக் கதவு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பழைய ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கும் அந்தப் பட்டறையில், தச்சர் அதை இரண்டு முறை இழைத்துப் பார்த்துவிட்டார். இன்னும் இழைத்தால் கையில் சீவல்தான் மிஞ்சும். நாளை வெள்ளோட்டம். முதல் இருக்கை மாமியாருக்கு என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

"கதவு மூடலேன்னா பெட்டி நகராது அத்தான். எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று பெட்டிக்குள்ளிருந்து சிரித்தான் மைத்துனன். அவன்தான் அங்கே பெயிண்டர். அவனோடு பட்டறையே புது மெத்தையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

தச்சருக்குப் பொறி தட்டியது. "எல்லாரும் இறங்குங்க!"

இறங்கினார்கள்; கதவு மூடியது. ஏறினார்கள், முட்டியது. ஆள் பாரத்தில் பெட்டியின் நடுப்பகுதி தொங்குகிறது, கதவுச் சட்டமும் கோணுகிறது! அடியில் குனிந்து பார்த்தார். வில்லுக்கு நாண்போலப் பெட்டியை இழுத்துப் பிடிக்கவேண்டிய இரும்புக் கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன.

"நட்டை யாருடா தளர்த்தினது?"

"நட்டோட மரைக்குள்ளயும் பெயிண்ட் போகணும்ல அத்தான்..."

"உன் தொழில் சுத்தத்துல தீயை வைக்க!"

எல்லோரையும் மறுபடி ஏற்றி உட்காரவைத்து, கதவு இடிக்காமல் மூடும்வரை நட்டுகளை முறுக்கினார். அதன்பின் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் கதவு மூடியது.