லோவல் ஜேடனின் கனம்

லோவல் ஜேடனின் பொறாமை நூற்றுத் தொண்ணூறு பவுண்டு இருந்தது. இது ஊர்ப்பேச்சு அல்ல, டெல்வின் கவுண்டி சந்தையில் டிராக்டர்களை நிறுக்கும் தராசில் போட்டு நிறுத்த எடை. கனமான சறுக்குவண்டியை எது அதிகத் தூரம் இழுக்கிறது என்று பார்க்கும் பழைய டிராக்டர் இழுவைப் போட்டியில், எடை வகுப்பு பிரிக்க வண்டியையும் ஓட்டுகிறவனையும் சேர்த்தே நிறுப்பது வழக்கம். தராசுக்காரன் டெல்பர்ட் முள்ளை நம்பாமல் லோவலை இறக்கிவிட்டு வண்டியைத் தனியாக நிறுத்தான், பிறகு லோவலைத் தனியாக ஏற்றினான். ஆள் எப்போதும்போல ஒல்லிதான், பெல்ட் கடைசி ஓட்டையில்தான் கிடந்தது. ஆனால் தராசு இரண்டு ஆள் எடையைக் காட்டியது. முன்பே நிறுத்து முடித்துப் பக்கத்தில் நின்ற எல்டன் க்ரூஸ், பளபளவென்று துடைத்த தன் ஆலிவர் டிராக்டரின் மேல் இருந்தபடி, "என்னடா லோவல், காலையிலயே ரெண்டு பன்னிக்கறி ரொட்டிய உள்ள தள்ளிட்டியா?" என்று கேட்டான். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. "எல்டன், நீ வாயை மூடிக்கிட்டுச் சும்மா இரு. நீ பேசப் பேச இவன் ஏறுறான்" என்றான் டெல்பர்ட். விதிப்புத்தகத்தில் ஓட்டுகிறவனின் உடம்புக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் லோவலைக் களத்துக்கு அனுப்பிவிட்டான்.

எல்டன் கெட்டவன் அல்ல, அதுதான் தொல்லை. கொடுத்துவைத்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிலத்தில் மக்காச்சோளம் எப்போதும் ஒரு சாண் கூடுதலாக வளரும். ஆலங்கட்டி மழை லோவலின் வயலைத் துவைத்துவிட்டு வேலியோரம் வந்ததும் நின்றுவிடும். இதெல்லாம் போக, லோவலின் மனைவி அர்டிஸ் கல்யாணத்துக்கு முன் இரண்டு கோடைக்காலம் எல்டனோடுதான் நடனத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் போட்டியில் லோவலை இறக்கிவிட்டவனும் எல்டனே. "காசைக் கொட்டணும்னு எவன் சொன்னான்? எஞ்சினைப் பாக்காத, டயரைப் பாரு. இழுக்கறது டயருதான்" என்று சொல்லிக்கொடுத்தான். லோவல் ஒரு கன்றுக்குட்டியைக் கொடுத்து, ஒருவர் களஞ்சியத்தின் பின்னால் குளவி கூடு கட்டிக் கிடந்த ஒரு ஃபார்மால் டிராக்டரை வாங்கினான். இறுகிப்போன எஞ்சினில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, வசந்தத்தில் ஒருநாள் வேறு வண்டியில் கட்டி இழுத்து இளக்கினான். தேய்ந்த டயரின் வரிகளைக் கத்தியால் செதுக்கிக் கூராக்கினான். பாட்டரியைத் தன் பிக்கப் வண்டியிலிருந்தே கழற்றி மாட்டினான். இழுக்கும்போது முன்சக்கரம் தூக்காமலிருக்க முன்பக்கம் தொங்கவிட வார்ப்பு இரும்பு எடைக்கட்டிகள் வேண்டும், அதற்குத்தான் வழி இல்லை. பெயிண்ட் வாளிகளில் சிமெண்ட் ஊற்றித் தொங்கவிட்டான், முதல் ஓட்டத்திலேயே இரண்டு வாளிகள் கழன்று உருண்டன. சந்தைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். எல்டன் மட்டும் சிரிக்காமல் ஓடிவந்து வாளிகளைப் பொறுக்கிக் கொடுத்தான். அன்றைக்குத்தான் லோவலுக்குக் கனம் ஏறத் தொடங்கியது என்று அர்டிஸ் சொல்வாள்.

இரும்பு வாங்க முடியாதவனுக்குப் பொறாமை இலவசமாகக் கிடைத்தது. அது நெஞ்சில் இருந்ததால், ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரங்கள் மேலே எழும்பாது, நிமிர்ந்தால் பின்டயர்கள் மண்ணைக் கவ்வும். இழுக்க இழுக்கக் கனக்கும் அந்தச் சறுக்குவண்டியை லோவலின் ஃபார்மால் முனகாமல் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் எல்டனின் வண்டி போய் நின்ற இடத்தில் போட்ட கோட்டுக்குச் சரியாக வந்ததும் டயர்கள் சுழன்று குழி பறித்தன. ஒரு விரல்கூட அதைத் தாண்டவில்லை. மறு ஆண்டும் அதே கதை, அதற்கடுத்த ஆண்டும் அதே. காரணத்தைக் கண்டுபிடித்தவனும் டெல்பர்ட்தான். எல்டனின் கோட்டைத் தொட்ட நொடியில் லோவலுக்குப் பொறாமைப்பட ஒன்றும் பாக்கியில்லை, கனம் இறங்கிவிடுகிறது, வண்டி பஞ்சாகிவிடுகிறது. சரி, எல்டனுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஒரு வருடம் விடியும் முன்பே வந்து வரிசையில் முதலில் நின்றான். தாண்டுவதற்குக் கோடே இல்லாததால் புறப்பட்ட இடத்திலேயே டயர் சுழன்றது. ஆகவே ஏழு கோடைக்காலத்தில் அந்த ஒன்று போக மற்றதிலெல்லாம் லோவல் இரண்டாம் இடம்தான் வாங்கினான். தூரம் ஒன்றாக இருந்தால் முதலில் இழுத்தவனுக்கே கோப்பை என்பது டெல்வின் வழக்கம்.

அந்தக் கோப்பை நெல்லிக்காய் ஜாடி அளவுகூட இருக்காது. லோவலுக்கு அது வேண்டியிருந்தது. வேறு எதற்கும் அவன் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றியே பேசினான். கிழங்கை மசித்துக்கொண்டே பேசினான், சர்ச்சுக்குப் போகும் வழியிலும் பேசினான். "ஒரே ஒரு தடவை, அர்டிஸ். அவன் கோட்டுக்கு அந்தாண்ட ஒரு சாண் போனாப் போதும், வண்டிய வித்துடுறேன்" என்றான். அர்டிஸுக்கு அலுத்துவிட்டது. இருபது வருடம் ஒரு மனுஷன் பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் யாருக்குத்தான் அலுக்காது.

எட்டாவது கோடையில் எல்டன் வழக்கம்போல முதலில் இழுத்து, கோடு போடவைத்துவிட்டு, பார்வையாளர் மேடைப் படிகளில் போய் உட்கார்ந்தான். லோவல் இழுத்தான். சறுக்குவண்டி முனகியது, புகை கறுத்தது, எல்டனின் கோடு நெருங்கியது. நெஞ்சு இலேசாவதை லோவல் உணர்ந்தான், டயர் வழுக்கத் தொடங்கியது. இந்தத் தடவையும் போச்சு என்று தலையைத் திருப்பியவனுக்கு மேடை தெரிந்தது. அர்டிஸ் எல்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் டம்ளரிலிருந்த எலுமிச்சைச் சாற்றை அவனுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அவன் காதில் ஏதோ சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை லோவல் தன் வீட்டில் கேட்டதே இல்லை.

ஃபார்மால் மண்ணில் அழுந்தி நின்று, ஒரு மூச்சு விட்டு, புறப்பட்டது. எல்டனின் கோட்டைத் தாண்டியது, களத்தின் முடிவைத் தாண்டியது, கொடிக்காரன் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டே கூட ஓடினான். கடைசியில் பன்றிக் கொட்டகை வேலியில் முட்டித்தான் நின்றது. எடை கூடிவிட்டது, மறுபடி நிறுக்க வேண்டும் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். "களத்துக்குள்ள போறதுக்கு முன்னாடிதான்யா எடை. நடுவழியில ஒருத்தன் நெஞ்சுல ஏறுனதுக்கு எங்கிட்ட விதி கிடையாது" என்றான் டெல்பர்ட். கோப்பையை எல்டனே எடுத்துக் கொடுத்து, லோவலைக் கட்டிப்பிடித்தான். பிறகு தன் தோளைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவு கனம்.

பிக்கப்பில் வீடு திரும்பும்போது லோவல் பக்கம் வண்டி சாய்ந்தே ஓடியது. கோப்பை அவன் மடியில் இருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை.

"அர்டிஸ், நான் ஜெயிக்கணும்னு சிரிச்சியா, இல்ல நெஜமாவே சிரிச்சியா?"

"ஜெயிச்சியா இல்லியா?"

"ஜெயிச்சேன். நான் கேட்டது அது இல்ல."

"எனக்குத் தெரிஞ்சு ஏழு வருஷமா நீ கேட்டது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அர்டிஸ் ஜன்னலுக்கு வெளியே சோளத்தைப் பார்த்தாள்.

அந்தக் கனம் பிறகு இறங்கவே இல்லை. லோவல் மேல் எடை வகுப்புக்குப் போனான், அங்கேயும் ஜெயித்தான், அலமாரி நிறையக் கோப்பைகள் சேர்ந்தன. எல்டன் போட்டியை விட்டான், ஆலிவரை விற்றான், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜேடன் வீட்டில் முதலில் கட்டில் உடைந்தது, பிறகு சாப்பாட்டு அறையின் தரை தொய்ந்தது. லோவல் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே எல்டன் கருவிப்பெட்டியோடு வந்து நின்றான், கூலி வேண்டாம் என்றான். நிலவறையில் இரண்டு இரும்புத் தூண் நிறுத்தித் தரைக்கு முட்டுக் கொடுத்தால் போதும் என்பது அவன் கணக்கு. அர்டிஸ் விளக்குப் பிடிக்கக் கீழே போனாள். லோவல் மேலே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் வந்தது, பிறகு சுத்தியல் நின்று, இருவரும் சிரிக்கிற சத்தம் வந்தது. மூன்றாவதாக ஒரு தூணும் வைக்க வேண்டியதாயிற்று.