மாப்பிள்ளையைத் திட்டாத சீசன்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆண் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, ஒருவரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை இன்னொரு ஆண் அதே விஷயத்தைச் சொல்லி அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டார். முதல் ஆள் என் அப்பா. இரண்டாவது ஆள் என் கணவர். அப்பா, கணவரிடம் சொல்லக் கூடாது என்றார். கணவர், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றார்.

என் வயிற்றில் ரகசியம் தங்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். தெரிந்தும் என்னிடம் வந்து சொன்னார்கள் என்றால் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கதையில் நான் 'மகள்' என்று வருவேன். அப்பா பூட்டுக்காரர். கணவர் மாப்பிள்ளை. பெயர் போடாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம்: 'கால்பந்து என்பது வெறும் விளையாட்டல்ல, அது—'

அடித்துவிட்டேன். பூட்டுக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார்.

இரண்டாவது: 'மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைதானமே—'

மழையே இல்லை, நல்ல வெயில். சோகம் என்றால் மழையைக் கூப்பிடுவது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி.

மூன்றாவது: 'கோல்கீப்பர்களைத் திட்டுவதில் பூட்டுக்காரரை அடிக்க ஆளில்லை.'

இது இருக்கட்டும். இது உண்மை. முப்பது வருடமாக வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் அவருக்கு ஒரே இடம். எந்த டீம் கோல்கீப்பராக இருந்தாலும் சரி, அந்தக் கோலில் வந்து நின்றுவிட்டால் தொலைந்தார். கெட்ட வார்த்தை ஒன்று வராது. "கைய வீட்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா தம்பி?" "நீ நின்னா என்ன, ரெண்டு செங்கல்ல நிறுத்தினா என்ன?" எதிர் டீம் கோல்கீப்பர் ஒருவர் ஒருமுறை ஆட்டத்தின் நடுவிலேயே திரும்பி, விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நிமிடமே கோல் விழுந்தது. பூட்டுக்காரர் அன்று முழுக்க அதற்காக வருத்தப்பட்டார்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு மகள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ஆறடி மூன்றங்குலம். சொந்த கிளப்பின் புது கோல்கீப்பர். பூட்டுக்காரர் அவருடைய குடும்பம், படிப்பு எதையும் விசாரிக்கவில்லை.

"வேற இடத்துல ஆடற உத்தேசம் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மாமா. இங்கதான்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப சரி" என்றார் பூட்டுக்காரர். அந்த 'சரி'யில் இருந்த துக்கம் அன்று யாருக்கும் புரியவில்லை.

3

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? 'வாங்க', 'போங்க', 'சாப்பிடுங்க' என்று சொல்கிற வாயால் "கைய எங்கடா வச்ச" என்று கேட்க முடியுமா? கல்யாணம் முடிந்த நாளிலிருந்து பூட்டுக்காரர் மைதானத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். முதல் இரண்டு வருடம் டீம் சுமாராக ஆடியதால் காலம் ஓடியது. மூன்றாவது வருடம், அதாவது இந்த சீசன், வந்து சேர்ந்தது.

எத்தனை தோல்வி என்று எண்ணிக்கை தர மாட்டேன். டிஃபென்டர்கள் இரண்டு பேருக்கு முழங்கால் போயிற்று, ஒருவருக்கு மனசு போயிற்று. பந்தெல்லாம் நேராக மாப்பிள்ளையிடம் வந்தது. பாதியைப் பிடித்தார். ஜனங்கள் எப்போதுமே மற்ற பாதியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பக்கத்து இருக்கையில் பேக்கரிக்காரர். அவரும் முப்பது வருடம். முதல் ஆட்டத்தில் இரண்டாவது கோல் விழுந்ததும் அவர் பூட்டுக்காரர் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. திட்டட்டுமா?"

"திட்டுப்பா. எனக்கும் சேர்த்துத் திட்டு."

"இவன பெத்த அம்மா—"

"அம்மாவ இழுக்காத. அவங்க எனக்கு சம்பந்தி."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கோல் விழும், பேக்கரிக்காரர் திரும்பிப் பார்ப்பார், பூட்டுக்காரர் தலையசைப்பார், பேக்கரிக்காரர் எழுந்து நின்று திட்டுவார். உட்கார்ந்ததும், "சரியா இருந்துச்சா அண்ணே?" என்று கேட்பார். "கொஞ்சம் நீளம்" என்பார் இவர்.

கடையில் இன்னொரு தொல்லை. "ஊருக்கெல்லாம் பூட்டு போடறீங்க. மாப்பிள்ளைக்கு ஒண்ணு போட்டு விடக் கூடாதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பூட்டுக்காரர் சாவி வெட்டும் மெஷினைப் போட்டுவிடுவார். அந்தக் கிறீச்சுக்கு முன்னால் எந்தப் பேச்சும் நிற்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை ஞாயிறு மதியம். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு மாமனார் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பூட்டுக்காரர் ஒரு காரணத்தோடு தயாராக இருப்பார். முதல் வாரம் காற்று. அடுத்த வாரம் புல்லை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அதற்கடுத்து, பந்தில் காற்று அதிகம். ஐந்து கோல் விழுந்த வாரம் அவரே திணறிப்போனார்.

"அந்த அஞ்சுல மூணு யாருக்கும் நிக்காது மாப்பிள்ளை" என்றார்.

"மீதி ரெண்டு?" என்று கேட்டார் பூட்டுக்காரரின் மனைவி. வெள்ளை மனசோடுதான் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு மீன் வை" என்றார் பூட்டுக்காரர்.

4

[இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு கட்டுரை எழுதத் தோன்றுகிறது. சின்னதுதான்.]

ஜெயிக்கிற டீமுக்குக் கை தட்ட யாராலும் முடியும். தோற்கப் போகிறது என்று தெரிந்தே கிளம்பிப் போகிற ஆளை நான் ஒரு சீசன் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆட்ட நாளில் மூன்று மணிக்குக் கடையைச் சாத்துவார். நகக்கண்ணில் ஏறியிருக்கும் பித்தளைத் தூளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். இஸ்திரி போட்ட சட்டை. தோற்கிற டீமைப் பார்க்க யாராவது சட்டைக்கு இஸ்திரி போடுவார்களா? திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்ற மட்டும் பத்து நிமிடம் ஆகும். "போதும்டா சாமி" என்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இஸ்திரிப் பெட்டி.

நாலு கோல் வாங்கித் தோற்ற அன்றும், கடைசி ஆட்டக்காரர் உள்ளே போகிறவரை நின்று கை தட்டிவிட்டுத்தான் வருவார். கேட்டால், "அவங்களும் வேலை முடிச்சிட்டுத்தான போறாங்க" என்பார். எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும். எழுதுகிறவள் இதையெல்லாம் நேராகச் சொல்லக் கூடாது என்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

[இன்னொரு சந்தேகம். மாப்பிள்ளை பாத்திரம் ரொம்ப நல்லவராக வருகிறார். வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே ஒரு குறை: கையுறைகளைச் சமையலறைத் தொட்டியில், பாத்திரங்களுக்கு நடுவில் ஊறப்போடுவார். மூன்று வருடமாகச் சொல்லியும் திருந்தவில்லை. போதுமா?]

5

கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் கீழ் டிவிஷன். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் இரண்டு நிமிடம். மாப்பிள்ளை வடக்குக் கோலில், பூட்டுக்காரருக்கு நேர் முன்னால். எதிர் டீமுக்கு கார்னர்.

பந்து உயர எழும்பியது. முப்பது வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்த கண் அது. பந்து எங்கே இறங்கும் என்று பூட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. கோல்கீப்பர் வெளியே வந்து குத்தித் தள்ள வேண்டிய பந்து. பூட்டுக்காரர் எழுந்ததும் அவருக்கே தெரியாது, வாய் திறந்ததும் தெரியாது.

"டேய், வெளிய வாடா!"

மாப்பிள்ளை வெளியே வந்தார். பந்து கடைசி நொடியில் ஒரு சாண் வளைந்தது. முஷ்டிக்கும் பந்துக்கும் நடுவில் எதிர் டீம்காரன் ஒருவனின் நெற்றி புகுந்தது. கோல்.

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் இந்த முறை அனுமதி கேட்கவில்லை, திட்டவும் இல்லை. மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள். "நான் வெளிய வந்திருக்கக் கூடாது. என் தப்பு. வேற யாரையும் சொல்றதுக்கு இல்ல" என்றார் அவர். பூட்டுக்காரர் அதை மறுநாள் காலைப் பேப்பரில் படித்தார். அந்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்.

6

செவ்வாய்க்கிழமை. மாப்பிள்ளை கிளப்புக்குப் போன நேரமாகப் பார்த்து, பூட்டுக்காரர் மகள் வீட்டுக்கு வந்தார். வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டுமாம். நன்றாக இருந்த பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்மா கத்தினேன்."

"எல்லாரும்தான்பா கத்தினாங்க."

"அவங்க கத்தினது வேற. நான் வெளிய வான்னேன். அவர் வந்துட்டார்." ஸ்க்ரூ ஒன்று விரலிலிருந்து நழுவி உருண்டது. அவர் குனிந்து தேடவில்லை. "வாடான்னு சொல்லிட்டேன்மா. மாப்பிள்ளையப் போய் டா போட்டுட்டேன்."

கோல் விழுந்தது பெரிய துக்கமா, டா போட்டது பெரிய துக்கமா என்று மகளால் பிரித்தறிய முடியவில்லை.

"அவர்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டார். நான் இனிமே மைதானத்துக்குப் போகப் போறதில்ல. முப்பது வருஷம் பாத்தாச்சு. போதும்."

எத்தனையோ 'போதும்' கேட்டிருக்கிறேன். இந்தப் 'போதும்' வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

(மேலே 'மகளுக்கு' என்று எழுதியிருக்க வேண்டும். கை தவறிவிட்டது. இருக்கட்டும்.)

வியாழக்கிழமை. மாப்பிள்ளை சமையலறைத் தொட்டியில் கையுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு வெளிய வாடான்னு ஒரு சத்தம் வந்துச்சு. அது மாமா."

"அத்தன பேர் கத்தறப்ப எப்படித் தெரியும்?"

"இந்த சீசன் முழுக்க என் முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் கத்தினாங்க. ஒரே ஒரு இடம் மட்டும் சத்தமே இல்லாம இருந்துச்சு. அங்கேருந்து ஒரு சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை கையுறையை இன்னொரு முறை பிழிந்தார்.

"அவர் சொன்னது சரிதான். வர வேண்டிய பந்துதான் அது. அவர் சொல்லலேன்னாலும் வந்திருப்பேன்." (இது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.) பிறகு அவர் சிரித்தார். அந்த சீசனில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "மூணு வருஷமா மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு கேட்டு விருந்தாளியாவே இருந்துட்டேன். டேய்னு கூப்பிட்டதும் வீட்டுப் பையன் மாதிரி ஓடிட்டேன். ஆனா எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா மனுஷன் அப்புறம் மைதானத்துப் பக்கமே வர மாட்டார்."

7

முடிவுகள்.

முதல் முடிவு: சாப்பாட்டு மேசையில் பூட்டுக்காரர் ஒப்புக்கொள்கிறார். இருவரும் கட்டிக்கொண்டு கண்ணீர்— எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மாப்பிள்ளை வேறு கிளப்புக்குப் போய்விடுகிறார். பூட்டுக்காரர் பழையபடி வாய் நிறையத் திட்டுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளப் நேற்றுத்தான் மாப்பிள்ளையோடு இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

மூன்றாவது: அடுத்த சீசன், கீழ் டிவிஷன், பாதி காலியான மைதானம். மூன்றாவது வரிசையிலிருந்து 'வாடா' என்று ஒரு குரல்— எனக்கு வேண்டிய முடிவு இதுதான். எனக்கு வேண்டும் என்பதாலேயே எழுதக் கை வரவில்லை.

ஏனென்றால் இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை நான் அப்பா வீட்டில், உள்ளறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு பாதி திறந்திருக்கிறது. மேசையில் அப்பாவும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வெள்ளை உறை. அதில் அடுத்த சீசனுக்கான சீட்டு இருக்கிறது. வடக்குப் பக்கம், மூன்றாவது வரிசை. கணவர் அதை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வயசாயிடுச்சு மாப்பிள்ளை. படி ஏற முடியல" என்கிறார் அப்பா. போன வாரம்தான் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறிப் பூட்டு மாட்டிவிட்டு வந்தார்.

"நான் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் மாமா."

"நீங்க ஆட வேண்டாமா?"

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரே நேரத்தில் என் அறைக் கதவைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். கணவருக்கும் செய்திருக்கிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் சத்தியம் வாங்கவில்லை. இப்போது நாம் இருவர் இருக்கிறோம், இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள். அதில் வாய் கட்டப்படாதவர் நீங்கள் ஒருவர்தான். யாரிடம் முதலில் சொல்வீர்கள், எந்த வார்த்தையில் சொல்வீர்கள், அது உங்கள் பாடு. சீக்கிரம் மட்டும் சொல்லுங்கள். அப்பா அந்த உறையைத் திறக்காமலே, மாப்பிள்ளை பக்கம் திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறார்.