மூன்று வேளைக்கு ஒரு நகரம்

ஞாயிறு இணைப்பின் பதினான்காம் பக்கத்தில், ராசிபலனுக்கும் மணமகள் தேவை விளம்பரத்துக்கும் நடுவில், பதினோரு வருடமாக நான் ஒரு பத்தி எழுதி வருகிறேன். ‘இரண்டு நாளில் ஒரு நகரம்: எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்.’ அலுவலகத்தில் எனக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் என் ஒல்லி இடுப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ கிண்டல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் நினைப்பது சரிதான். முதல் பயணத்தில் ஏதோ ஒரு சூப்பைக் குடித்துவிட்டு ஒன்றரை நாள் லாட்ஜ் கழிவறையிலேயே குடித்தனம் செய்தேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. என் மனைவி ‘வழியில் பசித்தால்’ என்று கட்டிக்கொடுக்கிற பொட்டலங்கள்தான் மூன்று வேளையும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைச் சாப்பிடுவேன். பிறகு கடை வாசலில் தொங்கும் விலைப்பட்டியலைப் படிப்பேன், லாட்ஜ் மேனேஜரிடம் நாலு கேள்வி கேட்பேன், பாக்கியைக் கற்பனை பார்த்துக்கொள்ளும். பொய் பொருந்தவேண்டும் என்பதற்காக, ஊர் திரும்பிய அன்று வீட்டில் தட்டை நகர்த்திவைப்பேன். “அங்க ஒரு பிடி பிடிச்சுட்டேன், வயிறு கும்முனு இருக்கு.” அவள் தட்டை மூடிவைப்பாள்.

போன மாதம் அவள் நாக்கின் ஓரத்தில் இருந்த புண்ணுக்கு டாக்டர் பெயர் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிடுவார்கள், அதன்பின் சாப்பாடு வயிற்றில் போடுகிற குழாய் வழியாக. “அப்ப ருசி?” என்று அவள் கேட்டாள். டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். என் பத்திகள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிவைத்திருந்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன் வைத்தாள். ஒரே தெருவில் ஆறு நாடுகளின் சமையல் கிடைக்கும் என்று நான் எழுதிய நகரம்.

“ஏங்க, செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி இங்க கூட்டிட்டுப் போங்க. நீங்க சாப்பிட்டதையெல்லாம் நானும் ஒரு தடவ சாப்பிட்டுக்கறேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் சொல்லாதவன் அன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்?

டாக்டர் பயணத்துக்கென்று மூன்று சின்னப் புட்டிகள் கொடுத்தார். ஒரு புட்டி குடித்தால் ஒரு மணி நேரம் வலி அடங்கியிருக்கும், அதற்குள் மென்று விழுங்கலாம். மற்ற நேரமெல்லாம் ஆறிய கஞ்சி, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. சனி மதியம் ஒன்று, சனி மாலை ஒன்று, ஞாயிறு மதியம் ஒன்று. அவளுக்கு மிச்சமிருந்தது மூன்று வேளை. அதை என் பத்தியை நம்பிச் செலவழிக்க வந்திருந்தாள்.

சனி மதியம் சூப் கடை. ‘மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு தெரியும், கைக்குழந்தைக்கும் ஊட்டலாம், அப்படியொரு இதம்’ என்று எழுதியிருந்தேன். வாசலிலேயே புட்டியைக் குடித்துவிட்டு உள்ளே போனாள். கல்லாவில் இருந்த கடைக்காரரிடம், “மாடிக்கு எப்படிப் போறதுங்க?” என்று கேட்டாள்.

“மாடியா? மாடில எங்க மாமியார் இருக்காங்க. போறீங்களா? நானே போறதில்ல.”

சூப் வந்தது. சிவப்பாக, மேலே மிளகாய் எண்ணெய் மிதக்க. வலிமருந்து புண்ணின் வலியைத்தான் அடக்கும், மிளகாயிடம் அது என்ன செய்யும்? ஒரே ஒரு கரண்டிதான். கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். கடைக்காரர் ஐஸ் கட்டி கொண்டுவந்தார். அந்த ஒரு மணி நேரமும் அவள் ஐஸைத்தான் சாப்பிட்டாள்.

“கை மாறியிருக்கும். நீங்க வந்தப்ப வேற சமையல்காரர் இருந்திருப்பாரு” என்று எனக்காக அவளே சமாதானமும் சொன்னாள்.

மாலை பால் இனிப்புக் கடை. ஐந்து நிமிட நடைதான். லாட்ஜிலேயே இரண்டாவது புட்டியைக் குடித்துவிட்டாள். ஒவ்வொரு பெயர்ப்பலகையிலும் ஒரு நாட்டு எழுத்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாளிப்பு. அவள் சின்னப் பிள்ளைபோல் மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தாள்.

“வாயில வச்சதும் கரையும்னு எழுதியிருந்தீங்களே, ரொம்ப இனிப்பா, மட்டா?”

எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்தக் கடையில் என்ன காத்திருக்கிறதோ. மதியம் மாமியார் என்றால் மாலையில் யாரோ.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “நான் சாப்பிட்டதில்ல.”

“இந்தக் கடைலயா?”

“எந்தக் கடைலயும்.”

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சூப், கழிவறை, லாட்ஜ் மேனேஜர், எல்லாம். சிரிக்கவைக்கப் பார்த்தேன். கழிவறைக் கட்டத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப நான் கட்டிக்குடுத்தது?”

“அதத்தான் சாப்பிட்டேன். மூணு வேளையும்.”

“மூணாவது வேளைக்கு ஊசிப்போயிருக்குமே.”

“லேசா.”

வாய்க்குள் இருக்கும் புண்ணால் அவள் பேச்சு தடித்திருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

“ஞாயித்துக்கிழமையானா எவனோ ஒருத்தன் கைப்பக்குவத்தப் பத்தி அரைப்பக்கம். நான் அதப் படிச்சுப் படிச்சு காரத்தக் கொறச்சேன். எண்ணெய மாத்தினேன். பொடிய நானே அரைக்க ஆரம்பிச்சேன். அப்பவும் ஊர்ல இருந்து வந்து தட்டத் தள்ளி வப்பீங்க. சரி, ஊரெல்லாம் பாத்த நாக்கு, நம்ம சமையல் எங்க எடுபடும்னு விட்டுட்டேன். பதினோரு வருஷம். நல்லாயிருக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னீங்களா?”

“பொய் வெளிய தெரிஞ்சுடும்னு...”

“ம். பொய்யப் பத்திரமாப் பாத்துக்கிட்டீங்க.”

இந்த இடத்தில் என்னிடம் வழக்கமாக ஒரு ஜோக் இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் போயிருந்தது. “கடைக்குப் போயிடலாமா, மருந்து...” என்று ஆரம்பித்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெஞ்சிலேயே மருந்து இறங்கி முடிந்தது. மருந்து விட்டதை அவள் கை கன்னத்துக்குப் போனதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் பத்தியை முதல்முறையாக ஒரு வாசகனாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், பாவி.

ஞாயிறு மதியம் அவளே கடையைத் தேர்ந்தெடுத்தாள். நோட்டைத் திறக்கவில்லை. தெருமுனையில் நின்று, எந்தக் கடையிலிருந்து வெளியே வருகிறவர்கள் அவசரப்படாமல் நடக்கிறார்கள் என்று கொஞ்சநேரம் கவனித்தாள். “இங்க” என்றாள். நான்கு மேஜை, ஒரு மின்விசிறி. பரிமாற வந்த பெண்ணிடம், “காரமில்லாம, மெல்ல வேண்டாத மாதிரி என்ன இருக்கும்மா?” என்று கேட்டாள்.

“உடம்பு சரியில்லாதவங்களுக்கா?”

“ஆமா. இவருக்கு” என்று என்னைக் காட்டினாள். “வயிறு வீக்கு.”

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எலும்பு வேகவைத்த தண்ணீரில் குழைந்த சோறு, மேலே பாதி வெந்த முட்டை என்று ஒரே கிண்ணமாகக் கொண்டுவந்து வைத்தாள். மனைவி மூன்றாவது புட்டியைக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள். ஒவ்வொரு கரண்டியையும் வாயின் வலதுபக்கம், நல்ல பக்கம், கொஞ்சநேரம் வைத்திருந்தாள். நடுவில் ஒருமுறை கண் கலங்கியது. வலியா, ருசியா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அரைக் கிண்ணம் ஆனதும் கரண்டி நின்றது. மறுபடி எடுத்தாள், உதடுவரை கொண்டுபோனாள், இறக்கிவைத்தாள். மருந்தின் நேரம் முடிந்திருந்தது. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்பிடுங்க.”

“எனக்கு வெளிச்சாப்பாடு...”

“தெரியும். சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். அவள் கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

இதம், மணம், கரைகிறது, அள்ளுகிறது. பதினோரு வருடமாகப் புழங்கிய சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன்.

“ஆமா” என்றாள் உடனே. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வேற?”

“சோறு நல்லாக் கொழைஞ்சிருக்கு. அடியில லேசா பிடிச்சிருக்கு போல, அந்த வாசம் வருது.”

“அது எனக்குத் தெரியலையே.” அவள் முன்னால் சாய்ந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். “வேற?”

வேறொன்றும் வரவில்லை என்றேன்.

“அவசரமில்ல” என்றாள் அவள். “இன்னொரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.”