பெட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்வதுதான் சரி. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் என் சமையலறைக்கும் பக்கத்து வீட்டு ஐரின் அக்காவின் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். போன மாதம் ஒரு காலை, அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல்.

"நெல்லிக்கா அளவுக்கு எடுன்னா இன்னாடி எடுக்கிறே? இது சுண்டக்கா. கேமராகிட்ட காமி, நோரா. சாப்ட்டுட்டு சுடுதண்ணி குடி. ஃப்ரிட்ஜ் தண்ணியத் தொட்டே, அவ்ளோதான்!"

நோரா அக்காவின் ஒரே மகள். அயர்லாந்தில் நர்ஸ். தலைப்பிரசவம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிரசவ லேகியம் எவ்வளவு சாப்பிடுவது என்று அம்மா போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். லேகியம் அயர்லாந்தில் இருந்தது, அதைக் கிண்டியவள் பெங்களூரில். இரண்டும் ஒரே விமானத்தில்தான் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து கிளம்பின.

எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது. எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விமான நிலையங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத—"

பொய். அடித்துவிட்டேன். அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் சொந்தக்காரன் இருக்கிறான்.

பிறகு:

"ஐரினின் கண்களில் பாலைவனம் விரிந்து—"

இதை எழுதிய கையை முறிக்க வேண்டும். அக்கா முன்பு வேலை பார்த்த அரபு நாட்டில் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டின் அடுப்படியையும் துணி காயப்போடும் மொட்டை மாடியையும்தான் பார்த்தாள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில், வாழ வந்தது இங்கே. புருஷன் செத்தபின் நோராவைப் படிக்கவைக்க வீட்டு வேலைக்கு அந்த நாட்டுக்குப் போனாள். (பெயர் போடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. "என் தங்கச்சி பொண்ணு இன்னும் அங்கதான் கீறா. உனுக்கின்னா, எழுதிட்டு கதவ சாத்திக்குவே.") கடைசி மாதங்களில் சம்பளம் நின்றது. கேட்டாள். கொடுக்கவில்லை. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு தூதரகத்துக்கு நடந்தாள். வேலை செய்த வீட்டின் கதவைத் திறந்து வெளியே வந்தால் அங்கே அதற்குப் பெயர் ஓடிப்போதல். முதலாளி புகார் கொடுத்தான். பத்து விரல் ரேகையையும் பதிந்துகொண்டு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அனுப்பிவைத்தார்கள்.

சம்பளம் தராததற்காக யாருடைய விரலையும் யாரும் பதியவில்லை.

3

தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். நோரா இங்கே வர முடியாததால் அக்கா அங்கே போவதாக ஏற்பாடு. மருமகன் ஷெர்வின் போட்ட டிக்கெட் அந்த நாட்டின் வழியாகப் போனது. அக்கா பதறிப்போய் டிராவல்ஸ்காரர் க்ளென்னிடம் ஓடினாள்.

"ஆன்ட்டி, ட்ரான்ஸிட்னா என்ட்ரி இல்ல. வெளிய போனாதான் ப்ராப்ளம். உள்ளயே குந்தினிருங்க, ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னது சரிதான். இந்தக் கதையில் வில்லனாக்க எனக்கு ஆளே கிடைக்கவில்லை. எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் எரிகிறது.

விமானம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த விமானம் கிளம்பிப் போயிருந்தது. இனி மறுநாள்தான். எல்லோருக்கும் ஹோட்டல் என்றார்கள். ஹோட்டல் ஊருக்குள் இருக்கிறது. பாஸ்போர்ட் பார்க்கும் கவுன்டரைத் தாண்ட வேண்டும். எனக்கு நாற்காலியே போதும் என்று சொல்லிவிட்டு அக்கா ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு மிச்சம்.

4

கவுன்டர் வரிசையில் மாலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. குழந்தைக்கு வீசிங். விலா உள்ளே ஒட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. மருந்து பெட்டியில், பெட்டி விமானத்தில்.

"மகுகே உசிரு ஆட்தில்லா சார், பேக் கொடி சார்!"

குழந்தைக்கு மூச்சு ஓடவில்லை, பெட்டியைக் கொடுங்கள் என்கிறாள். கவுன்டரில் இருந்தவனுக்குக் கன்னடம் தெரியாது. பேக் என்பது மட்டும் புரிந்தது. பேக் நாளைக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் அழுதாள். வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள், நேரமாகிறதாம்.

அந்த இடத்தில் கன்னடமும் அரபியும் தெரிந்த ஒரே ஆள், அந்தக் கவுன்டர் பக்கமே போகக்கூடாத ஒரே ஆள்.

அக்கா போனாள். டாக்டரைக் கூப்பிடு என்று அடுப்படி அரபியில் கத்தினாள். அவன் உடனே போனை எடுத்தான். பேசி வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "உன் அரபி நன்றாக இருக்கிறதே, எங்கே கற்றாய்?"

"இங்கேதான்."

பாஸ்போர்ட் கேட்டான். மிஷினில் வைத்தான். சிரிப்பு போயிற்று.

(தமிழச்சி கன்னடத்துக்காரிக்கு உதவினாள் என்று இதை ஒற்றுமைக் கட்டுரையாக்க நினைக்கும் அன்பர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடலாம். உங்களுக்கு நவம்பரில் கர்நாடக ராஜ்யோத்சவ விழா மேடை இருக்கிறது.)

5

இந்தப் பாத்திரத்தை எனக்கு நம்ப முடியவில்லை. உதவப் போனது சரி. 'இங்கேதான்' என்று நாட்டுக்குள் வரத் தடையுள்ள எவள் சொல்வாள்? வாசகர் நம்பமாட்டார். மாற்றிவிடலாம் என்று அக்காவிடமே கேட்டேன்.

"பம்பாய்ல கத்துகினேன்னு சொல்லியிருக்கலாமேக்கா?"

அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த வீட்ல அத்தினி வருசம் அந்த பாஷைல என்னத் திட்டத்தான் திட்னாங்க, ஸ்வர்ணா. ஒருத்தன் நல்லாகீதுன்னு சொல்றான். சொன்னதும் வாய்ல வந்துடுச்சி."

மாற்றவில்லை.

6

இரண்டு பெண் காவலர்கள் மரியாதையாகத்தான் கூட்டிப்போனார்கள். உட்காரவைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தடை செய்யப்பட்ட ஆள் எங்கிருந்து வந்தாரோ அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டுமாம், விதி. இந்த முறை கால்கூட வைக்காத நாட்டிலிருந்து அக்காவை இரண்டாம் முறை வெளியேற்றினார்கள். அவளைத் திருப்பி அனுப்ப மறக்காதவர்கள் அவளுடைய லேகியப் பெட்டியைத் திருப்பி அனுப்ப மறந்தார்கள். பெட்டிக்கு விரல் இல்லை. அது ஜம்மென்று அயர்லாந்து போய்ச் சேர்ந்தது.

வேறு வழியில் டிக்கெட் தேடுவதற்குள் நோராவுக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவ அறையில் 'அம்மா' என்று கத்தினாளாம். போனில்கூட அம்மா இல்லை. நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அதிகாரி மனம் இரங்கி— தூ.

ஹோட்டலுக்குப் போன பயணிகள் திரும்பி வந்து நியாயம் கேட்டு— அவர்கள் பிரியாணி வரிசையில் இருந்தார்கள்.

நோரா தன் மகளுக்கு ஐரின் என்று பெயர் வைத்து— இதைப் படித்துக் காட்டியபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அவ பையனப் பெத்துகீறாடீ!"

பிறகு அவளே கேட்டாள். "எல்லாம் எழுதினே. அந்தக் கொழந்தைக்கு மூச்சு வந்துச்சான்னு எழுதலியே?"

"வந்துச்சா?"

"எனுக்கின்னா தெரியும்? டாக்டர் ஓடியாறான், அதுக்குள்ள என்னை இட்டுனு போய்ட்டாங்க. திரும்பிப் பாக்கவுடல. எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா, உள்ள. ஒருத்தியும் சொல்லல." கத்தியைக் கீழே வைத்தாள். "பேரன் போன்ல மூச்சு விடறத பாக்கறேன். அந்தப் புள்ள ஞாபகந்தான் வருது."

எனக்கு அது ஒரே வரி வேலை. குழந்தை பிழைத்தது, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது. எழுதி, நாளைக்கே அக்காவுக்குப் படித்துக் காட்டலாம். எழுத மாட்டேன். அந்த ஒரு வரிக்காக அவள் கொடுத்தது ஒரு பிரசவம். நான் கற்பனை செய்து அதை அவள் கையில் திணித்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

வாசகரே, அந்த வரிசையில் நீங்கள் இருந்திருக்கலாம். உச்சுக்கொட்டியவர் நீங்களாகவும் இருக்கலாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்டின் டவுனில் ஐரின் அக்கா வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வந்து, இந்த வரியின் மிச்சத்தை என்னிடம் அல்ல, அவளிடம் சொல்லுங்கள்: மாலூர்க்காரியின் குழந்தை—